வெள்ளை வந்தா வேலையை விடலாம்

ஒரே ஒரு ஊரு. அந்த ஊரைச் சுத்தி நாலு மாசி வீதி, நாலு வெளி வீதி, அதையும் தாண்டி வடமேற்கே திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி. அந்த விளாங்குடியில் ஒரு புருசன் இருந்தான். புருசன் என்று ஒருத்தன் இருந்தால் பொண்டாட்டி என்று ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? இருந்தாள். உள்ளதைச் சொன்னால் அவள்தான் இருந்தாள்; அவன் கூட இருந்தான்.

புருசன் பேர் அழகுபாண்டி. பொண்டாட்டி பேர் கனகலட்சுமி.

அழகுபாண்டிக்கு மனை விற்கிற வேலை. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மாடியில் ‘பொற்கிழி ப்ரமோட்டர்ஸ்’ என்று ஒரு கம்பெனி. அதில் அவன் மார்க்கெட்டிங் மேனேஜர். மேனேஜர் என்றால் அவனுக்குக் கீழே ஆள் உண்டா என்று கேட்கக் கூடாது. கீழே லாட்ஜுதான் இருந்தது. மேலே ஒரு மின்விசிறி இருந்தது. அதுவும் சொன்னபடி கேட்காது.

கம்பெனி விற்கிற இடத்துக்குப் பொற்கிழி நகர் என்று பேர். ‘மதுரைக்கு மிக அருகில்’ என்று நோட்டீசில் போட்டிருக்கும். அந்த ‘மிக’வில்தான் கம்பெனியே ஓடியது. பார்ட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், திருமங்கலம் தாண்டும்போது “வந்துருச்சாண்ணே?” என்பார்கள். “இந்தா வந்துரும்” என்பான். கல்லுப்பட்டி தாண்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள். தூங்கியிருப்பார்கள். கடைசியில் எழுப்பி இறக்கிவிட்டால் ஒரு கருவேலங்காடு தெரியும். காட்டுக்கு நடுவில் ஒரு ஆர்ச்சு. ஆர்ச்சுக்கு அங்கிட்டும் கருவேலங்காடுதான்.

வேனில் ஆள் ஏறாத நாட்களில் போன் பண்ண வேண்டும். தெரியாதவர்களுக்குப் பண்ணிப் பண்ணி அலுத்து, தெரிந்தவர்களுக்குப் பண்ண ஆரம்பித்தான். தெரிந்தவர்கள் எல்லாம் சீக்கிரமே தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். சித்தப்பா மகன் அவன் நம்பரைத் தடை பண்ணினான். மச்சினன் நம்பரையே மாற்றினான். ஒரு எழவு வீட்டில் துக்கம் கேட்கலாம் என்று செத்தவரின் மகன் கையைப் பிடித்தான். அவன் அழுதுகொண்டே, “அண்ணே, இப்பதைக்கு எங்களுக்கு ஆறடி போதும்ணே” என்றான்.

அன்றைக்கே வேலை கசந்துபோனது. ஆனால் முழுசாக வெறுத்தது ஆனிமேரி டீச்சர் வந்த அன்றைக்குத்தான். ஆறாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர்டு ஆன காசில் ஒரு துண்டு இடம் வாங்கி வைப்போம் என்று, லாட்ஜு மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தார்.

“பஸ் ஸ்டாண்டுல இருந்து எவ்வளவு தூரம்ப்பா?”

“மிக அ...” என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வாய் வரவில்லை. “டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்த கணக்குப்படியே சொல்றேன். வாங்காதீங்க டீச்சர்.”

டீச்சர் அவன் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார். உள்ளே இருந்து முதலாளி வெளியே வந்தார்.

“மனை வாங்க வந்தவுகள மனசு மாத்தி அனுப்புறதுக்கா உனக்குச் சம்பளம்? உனக்குப் பேசத் தெரியலையா, இல்ல பேச வேண்டியது தெரியலையா?”

ரெண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் காலையில் அந்த மாடிப்படிக்குக் கீழே கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினான். மாதம் முதல் தேதி வரும் சம்பளம் ஒன்றுதான் அவனை நிற்காமல் மேலே ஏற்றும். ரெண்டாம் தேதி மறுபடி நிற்பான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்துவிடுவான். அது அங்கே கிடந்து கத்தும். கனகலட்சுமிதான் எடுப்பாள். “அவுக குளிக்கிறாகங்க” என்பாள். அதற்கப்புறம் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். உள்ளே என்ன பேசினாள் என்று அவன் கேட்டதில்லை. அந்த வருசம் அவன் பேரில் விற்ற மனைகளில் பாதி எப்படி விற்றன என்றும் அவன் கேட்டதில்லை. நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், விளாங்குடி தாண்டி ரோட்டோரம் இருக்கிற எடை மேடையில் வண்டியை நிறுத்தினான். அங்கே லாரிகளுக்கு எடைச் சீட்டுப் போடுகிற பாண்டிராஜ் அவனுக்குச் சிநேகிதன். வெயிலுக்குக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தான்.

ஒரு லாரி வந்து மேடையில் ஏறியது. நின்றது. கூண்டுக்குள் சிவப்பு எண்கள் துடித்து அடங்கின. பாண்டிராஜ் ஒரு பொத்தானை அமுக்கினான். சீட்டு வந்தது. டிரைவர் வாங்கிக்கொண்டு போய்விட்டான். யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடவில்லை. யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

“இம்புட்டுத்தானா?” என்றான் அழகுபாண்டி.

“இம்புட்டுத்தான் மாப்ள.”

“பேசவே வேணாமா?”

“எதுக்குப் பேசணும்? அதான் மெசினு சொல்லுதுல்ல.”

“கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு...”

“டேய், கனம்னா கனம். ‘மிகக் கனம்’னுலாம் அதுல வராது.”

அழகுபாண்டி அந்தச் சிவப்பு எண்களை, சிலர் கோபுரத்தைப் பார்ப்பார்களே அப்படிப் பார்த்தான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். பார்ட்டி பார்க்கப் போகிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டுப் போய் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தான். பாண்டிராஜ் சொந்தமாக ஒரு லாரி வாங்கி, வேலையை விடப் போகிறான் என்று தெரிந்ததும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டான்.

“மொக்கையண்ணே ஆளு தேடுறாரு. வர்றியா மாப்ள?” என்றான் பாண்டிராஜ். மொக்கையன் என்பவர் மேடையின் சொந்தக்காரர்.

“சம்பளம்?”

பாண்டிராஜ் சொன்னான். அழகுபாண்டி வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. முக்காலுக்கு நல்லாக் கீழே.

“எனக்குச் சம்மதம்” என்றான் அழகுபாண்டி. “ஆனா என் சம்மதத்த வச்சு என்ன பண்றது?”

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினான். ஆம்பளை எடுத்த முடிவு. வீட்டுக்குள் நுழைந்தான். கனகலட்சுமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“கனகு.”

“ம்.”

“ஒரு மனுசனுக்கு எது முக்கியம்? பணமா, நிம்மதியா?”

“ரெண்டும். ஏன், ஒண்ணுதான் கையிருப்பு இருக்காமா?”

“இல்ல, ஒண்ணு கொறைஞ்சு இன்னொண்ணு கூடுனா...”

“எது கொறையுது?”

“சும்மா பேச்சுக்குத்தான்.”

“பேச்சுக்குத்தான் கம்பெனில சம்பளம் தர்றாகளே. வீட்டுல எதுக்கு ஓசியில பேசுறீக? இந்தாங்க, வெங்காயத்த உரிங்க.”

உரித்தான். கண்ணில் தண்ணி வந்தது. வெங்காயத்தால் வந்தது என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

அடுத்து, குறைந்த செலவிலும் குடும்பம் நடக்கும் என்று நடத்தையில் காட்டிவிடலாம் என்று பார்த்தான். ஆறு இட்லி சாப்பிடுகிறவன் ரெண்டு இட்லியோடு எழுந்தான். “இது போதும் கனகு. மனுசனுக்கு இம்புட்டுப் போதும்.” கனகலட்சுமி அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நிலவேம்புக் கசாயம் வைத்தாள். அந்த வாரம் பூராம் குடித்தான். அதற்கு அந்தக் கம்பெனி மாடிப்படியே தேவலாம் போல இருந்தது.

கூண்டில் போய் உட்கார்ந்து பாண்டிராஜிடம் அழாத குறையாகச் சொன்னான்.

“தங்கச்சி யாரு சொன்னாக் கேக்கும்?” என்றான் பாண்டிராஜ்.

“யாரு சொன்னாலும் கேக்கும். கேட்டுட்டு, அதுக்கு மேல சொல்லும்.”

“அது எதுத்துப் பேசாத ஆளே கெடையாதா?”

அழகுபாண்டி யோசித்தான். “கம்மாக்கரைக் கருப்பு ஒண்ணுதான். அவுக வீட்டுக் குலசாமி. அதுக்கு முன்னால மட்டும் தலையக் குனிஞ்சு நிக்கும்.”

“அப்ப பூக்கட்டிப் பாரு.”

நம்ம பக்கம் தெரிந்ததுதான். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று குழப்பம் வந்தால், வெள்ளைப் பூவை ஒரு வெத்தலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு வெத்தலையிலும் வைத்து, வித்தியாசம் தெரியாமல் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“செகப்பு வந்துட்டா?” என்றான் அழகுபாண்டி.

“ரெண்டுலயும் வெள்ளைய வச்சுக் கட்டுனா, செகப்பு எங்கிட்டு இருந்துடா வரும்?”

அழகுபாண்டி கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “டேய், கருப்புடா. கையில அருவா வச்சிருக்கு.”

“நம்ம எங்க ஏமாத்துறோம்? எதை எடுக்கச் சொல்லலாம்னு சாமி யோசிக்கிற சிரமத்தக் கொறைக்கிறோம். அம்புட்டுத்தான்.”

அது நியாயமாகத்தான் பட்டது. நமக்கு வேண்டியது எல்லாமே நியாயமாகத்தான் படும்.

மறுநாள் கனகலட்சுமியிடம் சொன்னான். ஒரு வேலை வருகிறது, எடை மேடையில். சம்பளம் குறைச்சல். எம்புட்டு என்று கேட்டாள். சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான்; குக்கர்தான் கத்தியது.

“இதுல நீ சொன்ன, நான் சொன்னேன்னு வேணாம் கனகு. கருப்புகிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா வேலைய விடலாம். செகப்பு வந்தா வேணாம்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “போன வருசம் பொங்க வைக்கக் கூப்பிட்டதுக்கு முட்டி வலிக்குதுன்னீக.”

“இப்ப முட்டி நல்லாருச்சு.”

“சரி.”

“சரியா?”

“சரிங்கிறேன்ல. கருப்பு சொல்லிட்டா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். நீங்களும் பேசக் கூடாது.”

“நானா! சாமி சொன்னா சொன்னதுதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இம்புட்டு லேசாக ஒத்துக்கொண்டாளே என்று அவன் அப்போதே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். சந்தோசத்தில் மறந்துபோனான். கம்பெனியில் முதல் முறையாக மாடிப்படியைச் சிரித்துக்கொண்டே ஏறினான்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனார்கள். கம்மாக்கரையில் இறங்கினால் வயலுக்கு நடுவில் கோயில். கருப்பு கையில் அருவாளோடு, மீசையோடு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. அழகுபாண்டி நேராகப் பார்க்கவில்லை.

“கனகு, நீ போயி கால் கழுவிட்டுச் சூடம் வாங்கிட்டு வா. நான் பூவக் கட்டி வைக்கிறேன்.”

அவள் அடிகுழாய்ப் பக்கம் போனதும், வாசலில் பூக்கூடையோடு இருந்த ஒச்சாயியிடம் வந்தான்.

“ஆத்தா, மல்லி குடு.”

“தலைக்கா, சாமிக்கா?”

“பூக்கட்டிப் பாக்க.”

“அப்ப செகப்பரளியும் தரவா?”

“அது வேணாம்.”

ஒச்சாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “செகப்பு இல்லாம எப்படிப்பா பூக்கட்டிப் பாப்ப?”

“வீட்டுல இருந்து கொண்டாந்துருக்கேன் ஆத்தா. எங்க வீட்டு மரத்துல பூத்தது. கொல்லைல நிக்கிது. பெரிய மரம்.”

அவன் வீட்டில் கொல்லையும் கிடையாது, மரமும் கிடையாது. பொற்கிழி ப்ரமோட்டர்ஸில் வராத பொய், கோயில் வாசலில் தங்குதடை இல்லாமல் வந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுவர் மறைவில் குத்தவைத்து, ரெண்டு வெத்தலையில் மல்லியைப் பங்கு போட்டு, மடித்து, நாரால் கட்டினான். அச்சு அசலாக ரெண்டு பொட்டலம். தட்டில் வைத்துக்கொண்டு பூசாரி கண்ணுச்சாமியிடம் வந்தபோது கனகலட்சுமியும் சூடத்தோடு வந்துவிட்டாள்.

“ஒரு நிமிசம் பூசாரி. நான் ஒரு தரம் கும்பிட்டுத் தாரேன்.”

ஒரு பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். நிதானமாக ஒற்றினாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதையும் நிதானமாக ஒற்றினாள். அவள் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. என்ன பக்தி, என்ன பக்தி என்று அழகுபாண்டிக்கே உருகிவிட்டது. இப்படிப்பட்டவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் வருத்தப்படக்கூடச் செய்தான்.

பூசாரி பொட்டலங்களைக் கருப்பு காலடியில் வைத்தார். “கேக்க வேண்டியத வாய்விட்டுக் கேக்கணும். குடும்பத்துல பெரியவுக யாரோ, அவுக கேளுங்க.”

அழகுபாண்டி ஒரு எட்டு முன்னால் வந்தான். கனகலட்சுமி ரெண்டு எட்டு வந்தாள். பூசாரி அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அய்யா கருப்பா,” என்றாள் கனகலட்சுமி. “வெள்ளை வந்தா, இவுக அந்தக் கம்பெனிய விட்டுட்டு எடை மேடைக்குப் போகட்டும்.”

அழகுபாண்டி கண்ணை மூடிக் கும்பிட்டான். முடிந்தது காரியம்.

“வெள்ளை வந்தா, மேடை நடக்குற தூரந்தான, இவுக நடந்தே போகட்டும். வண்டி வீட்டுல நிக்கட்டும்.”

கண்ணைத் திறந்தான். “வண்டி எதுக்கு வீட்டுல நிக்கணும்?”

“சாமிகிட்டப் பேசிட்டு இருக்கேன்ல? வெள்ளை வந்தா, அத நான் ஓட்டிட்டுப் போகட்டும்.”

“எங்க போகப் போற நீ?”

“வெள்ளை வந்தா,” என்றாள் கனகலட்சுமி, கருப்பைப் பார்த்தபடியே, “ஆரப்பாளையத்துல இவுக எந்திரிச்சு வந்த சேரு காலியாத்தான கெடக்கும். அதுல நான் போயி உக்காரட்டும்.”

கம்மாய்க்குள் ஒரு ஆடு கத்தியது. அழகுபாண்டி கத்த நினைத்ததும் அதேதான்.

“ஏ கனகு! என்ன பேசுற? நம்ம வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போற வழக்கம் உண்டா?”

இது அவன் பழைய வசனம். கல்யாணமான புதிதில், மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்கு ஒரு வேலை வந்தபோது சொன்னது. அவன் வீட்டுப் பொம்பளைகள் தலைமுறை தலைமுறையாக நாத்து நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்கள்தான். அதை யாரும் வேலை என்று சொல்லாததால் வழக்கம் கெடாமல் இருந்தது.

“அதான் கருப்புகிட்டக் கேக்குறேன். வழக்கம் பெருசா, கருப்பு பெருசா? நீங்க சொல்லுங்க பூசாரி.”

“கருப்புதாம்மா பெருசு,” என்றார் கண்ணுச்சாமி. அவர் வேறென்ன சொல்வார்? அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

“முதலாளி உன்னை எப்படி எடுப்பாரு?”

“அவருதாங்க கேட்டதே. நீங்க பார்ட்டி பாக்கப் போறேன்னு எடை மேடைல உக்காந்திருக்குற சேதி அவருக்குத் தெரியாதா? போன் பண்ணாரு. நீங்க குளிச்சிட்டு இருந்தீக. ‘ஏம்மா, போன்ல பேசிப் பேசிப் பாதி எடத்த வித்தது நீதானாமே, பார்ட்டிக சொல்றாக. நீயே வந்துரு, அவருக்குத் தர்றதையே தாரேன்’னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் ஒரு மாசமா முழிச்சிட்டு இருந்தேன்.”

“நீ பொய் சொல்லி வித்தியா?”

“நான் எதுக்குப் பொய் சொல்றேன்? ‘தூரந்தான்ணே. பக்கத்துல இருந்தா இந்த வெலைக்குக் குடுப்பாகளா? வாங்கிப் போட்டு ஆடு வளங்க’ன்னேன். வாங்கிட்டாக. நீங்கதான் ‘மிக அருகில்’னு வாய் கூசாம... சரி, பேச்ச விடுங்க. சாமி காத்திட்டு இருக்கு.”

மனை விற்கப் போனவன் மனைவியிடம் விலைபோய் நின்றான். ஒரு மாசமாக ரெண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே விசயத்தை, ஆளுக்கு ஒரு மூலையில் மறைத்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்திருக்கிறார்கள்.

“வெள்ளை வந்தா,” என்று மறுபடி ஆரம்பித்தாள், “நான் காலையில வெள்ளனாக் கெளம்பணும். அதனால சோறும் கொழம்பும் இவுக வைக்கட்டும்.”

பூசாரிக்கே பொறுக்கவில்லை. “ஏம்மா, ஒத்தப் பூவுல இம்புட்டா கேக்குறது?”

“வரப்போறது ஒத்தப் பூதான பூசாரி. வந்ததுக்குப் பெறகு கேட்டா நல்லாவா இருக்கும்?”

“சரி. செகப்பு வந்தா?”

“செகப்பு வந்தா எல்லாம் பழையபடியே இருக்கட்டும். நான் வீட்டுல, இவுக கம்பெனில. ஒரு கொறையும் இல்ல.”

அழகுபாண்டிக்கு அந்த மாடிப்படியும் கண்ணில் வந்தது, அடுப்படியும் கண்ணில் வந்தது. கட்டினது ரெண்டும் வெள்ளை என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் போகும்.

“பூசாரி, அந்தப் பொட்டலம் சரியாக் கட்டல. நார் லூசா இருக்கு. குடுங்க, வேற கட்டியாரேன்.”

“சாமிக்கு முன்னால வச்சது வச்சதுதான்.”

“இன்னைக்கு ராகுகாலம்...”

“அது பத்தரைக்கு.”

வேறு வழியே இல்லாமல் அழகுபாண்டி கருப்பை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தான். அய்யா, மல்லியை அரளியாக்கிக் குடு என்று வேண்டினான். கருப்பு வரலாற்றில், இல்லாத சிவப்புக்காக அழுது வேண்டின முதல் பக்தன் அவனாகத்தான் இருப்பான்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்த்தார். வெத்தலையை விரித்தார்.

வெள்ளை. நல்லா முத்து முத்தாக, அன்றைக்குப் பறித்த மல்லி.

“கருப்பே சொல்லிருச்சு,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள் கனகலட்சுமி. “இனி யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. சத்தியம் பண்ணிருக்கோம்.”

அழகுபாண்டி பாய்ந்து மற்ற பொட்டலத்தை எடுத்தான். “இது எதுக்குக் கெடக்கு? நான் கம்மாய்ல போட்டுட்டு வாரேன்.”

“இங்கிட்டுக் குடுங்க.”

“செகப்பு கனகு. அத எதுக்குப் பாத்துக்கிட்டு?”

“குடுங்கன்றேன்ல.”

வாங்கினாள். பல்லால் நாரைக் கடித்து அவிழ்த்தாள். மல்லியை எடுத்தாள். அந்த நாரிலேயே தொடுத்து, ஹேர்பின்னைக் கழற்றி, சரத்தைக் கொண்டையில் சொருகிக்கொண்டாள்.

பூசாரி எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, அதுவும் வெள்ளையாவா இருக்கு?”

“கருப்பு மனசு வச்சா செகப்பும் வெளுக்கும் பூசாரி,” என்றாள். புருசன் மானம் அந்த ஒரு வரியில் தப்பித்தது. பிறகு அவன் பக்கம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “அரளி எங்கங்க மல்லி மாதிரி மணக்கும்? நான் மதுரைக்காரி. கண்ணுல ஒத்துனேன்னா நெனச்சீக? மூக்கும் அங்கனக்குள்ளதான இருக்கு.”

அவன் குனிந்து, அவள் போட்ட வெத்தலையைப் பொறுக்கினான்.

“நான் முன்னால போறேன். முதலாளிக்குப் போன் போடணும். நீங்க சூடம் அணையவும் வாங்க. அந்த மொக்கையண்ணன்ட்டயும் இன்னைக்கே சொல்லிருங்க. பாவம், ரொம்ப நாளா ஆசைப்பட்டீக.” வரப்பில் இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். காற்றில் மல்லி மணந்தது.

சூடம் அணைந்தது. பூசாரி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பூசாரி,” என்றான் அழகுபாண்டி மெதுவாக. “ஒரு ஆளு தெரியாத்தனமா சாமிய ஏமாத்திட்டா, சாமி குத்தம் வந்துருமா?”

“வரும்ப்பா.”

“எப்ப வரும்?”

“சில பேருக்குப் பெறகு வரும். சில பேருக்கு உடனே வந்துட்டு, பஸ்ஸுக்குப் போயிக்கிட்டு இருக்கும்.”

அழகுபாண்டி செருப்பை மாட்டினான். நாலு எட்டு வைத்தவன் நின்று திரும்பினான். எடை மேடையில் சிவப்பு எண்கள் நாளைக்கே அவனுக்கு. அதில் ஒரு பேச்சும் வேண்டியதில்லை. ஆனால் இது ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பூசாரி, கொழம்புக்குப் புளிய எப்பக் கரைச்சு ஊத்தணும்?”

“காய் முக்கால்வாசி வெந்ததுக்குப் பெறகு ஊத்து. முந்தி ஊத்துனா காய் வேகாது,” என்றார் கண்ணுச்சாமி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “நானும் ஒரு காலத்துல பூக்கட்டிப் பாத்தவன்தான்.”

அழகுபாண்டி அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்தான்.